பட்டியல் தரும் சொல்லும் மாணவர் தேரும் சொல்லும்

தமிழில் அறிவியல் பயிலும் மாணவர்களுக்குப் பாடநூலின் இறுதியில் கலைச்சொற் பட்டியல் ஒன்று தரப்படுவது வழக்கம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல். மறுபக்கம் தமிழ்ச் சொல். இதனை மனப்பாடம் செய்துவிட்டால் சொல்வளம் பெருகிவிடும் என்று பலரும் நம்புகின்றனர். இந்த நம்பிக்கை ஆராயத்தக்கது. பட்டியல் முடிவை மட்டுமே கூறுகிறது. அச்சொல் ஏன் கொள்ளப்பட்டது, எந்தச் சொற்கள் ஏன் தள்ளப்பட்டன என்பதை அது கூறுவதில்லை. காரணம் அறியாமல் கற்ற சொல் தேர்வு முடிந்ததும் மறந்துபோகிறது. சில வேளைகளில் தவறான கருத்தையும் மனத்தில் விதைத்துவிடுகிறது.

சேர்வராயன் மலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏற்காட்டில் 1963-இல் ஆர்க்கிட் செடிகளுக்கென அமைக்கப்பட்ட தேசியத் தோட்டம் உள்ளது. ஆர்க்கிட்டுகளில் பல மண்ணில் வேரூன்றாமல் மரக்கிளைகளின்மேல் வளர்வன. இவற்றைப் பாடநூல் 'தொற்றுத் தாவரம்' என்கிறது. 'தொற்று' என்றதும் மாணவனுக்கு நினைவில் வருவது தொற்றுநோய். ஆகவே ஆர்க்கிட் மரத்துக்கு நோய் தரும் செடி என்றோ, மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது என்றோ அவன் எண்ணிவிடக்கூடும். பட்டியல் இப்பிழையைத் திருத்தாது.

இதனையே வகுப்பில் விவாதத்துக்கு வைத்தால் என்ன ஆகும்? தொற்றுத் தாவரம், மேலொட்டி, ஒட்டுண்ணி என்னும் மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, ஆர்க்கிட்டுக்குப் பொருந்துவது எது என்று ஆசிரியர் கேட்கட்டும். பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டு போவதைப் பற்றி நாம் நாள்தோறும் பேசுகிறோம். அப்படித் தொற்றியவன் பேருந்திடம் பெறுவது நிற்க ஓர் இடம் மட்டுமே. 'ஒட்டுண்ணி' என்பதிலோ 'உண்ணி' இருக்கிறது. அது ஒட்டுவதோடு நில்லாமல் உண்ணவும் செய்கிறது. இவ்வளவும் சொல்லைப் பிரித்துப் பார்த்த அளவிலேயே விளங்கிவிடுகிறது.

ஆனால் ஆர்க்கிட் மரத்தை உண்பதில்லை என்பது எப்படித் தெரியும்? இங்கே சொல்லாராய்ச்சி முடிந்து தாவரவியல் தொடங்குகிறது. ஆர்க்கிட்டின் தொங்கும் வேர்களைச் சுற்றி வெலாமன் என்னும் பஞ்சு போன்ற திசு உள்ளது. மழைநீரை அது விரைந்து ஈர்த்துக்கொள்கிறது. உணவைப் பச்சை இலைகளே தயாரிக்கின்றன. நம் ஊர் மாமரத்தில் காணும் புல்லுருவியோ கிளைக்குள் உறிஞ்சு வேரைச் செலுத்தி நீரையும் தாது உப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. எனினும் அதற்கும் பச்சை இலைகள் உண்டு. அப்படியானால் அதனை முழு ஒட்டுண்ணி எனலாமா? 'பகுதி ஒட்டுண்ணி' என்னும் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதை இப்போது மாணவனே உணர்வான்.

எல்லாச் சொல்லையும் தமிழாக்கியே தீரவேண்டும் என்பதன்று நம் கருத்து. சேர்வராயன் மலையின் முக்கியப் பாறை சார்னோக்கைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறையில் இப்பாறை இருப்பதைக் கண்டு, ஹாலண்டு என்னும் நிலவியலார் 1893-இல் இதற்கு அவர் பெயரைச் சூட்டினார். ஆட்பெயரை மொழிபெயர்ப்பதில் பயனில்லை. அப்படியே கொள்வதே முறை. எதை ஆக்குவது, எதை ஏற்பது என்று பகுத்தறிவதும் சொற்பயிற்சியின் ஒரு பகுதியே.

மலையடிவாரத்துச் சேலத்துக்கு இது புதிய செய்தி அன்று. அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே 1916-இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அங்கே ஒரு சங்கம் நிறுவி இதழும் வெளியிட்டனர். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இப்பணியை மேற்கொண்டு, 1938-இல் 'கலைச்சொற்கள்' என்னும் நூலை வெளியிட்டது. அறிஞர்கள் கூடி ஆய்ந்து எடுத்த சொற்கள் அவை. அந்த ஆராய்ச்சியின் சுவையை விலக்கிவிட்டு முடிவை மட்டும் மாணவர்களுக்கு ஊட்டுவது எந்த வகையில் நியாயம்?

தேர்வில் ஆளுக்கொரு சொல் எழுதினால் குழப்பம் நேராதா என்று கேட்கலாம். நேரும். இலங்கை மாணவர் 'ஒளித்தொகுப்பு' என்பதை நாம் 'ஒளிச்சேர்க்கை' என்கிறோம். இத்தகைய வேறுபாடுகள் மேலும் பெருகுவது நன்றன்று. ஆகவே தேர்வுக்குப் பாடநூற் சொல்லே இருக்கட்டும். எல்லாச் சொற்களையும் விவாதிக்க நேரமும் இராது. வாரத்துக்கு ஒரு சொல் போதும். அதை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பொருளை நேரில் கண்டோ படத்தில் பார்த்தோ, மாற்றுச் சொற்களோடு ஒப்பிட்டுக் காரணம் கூறவேண்டும். இறுதியில் பாடநூற் சொல்லே வெல்லுமாயினும் இழப்பில்லை. அப்போது அது பட்டியலின் சொல்லாக இராது, மாணவனின் சொல்லாகிவிடும்.