கட்டே சொல்லாத கேமரா

2025-இல் வந்ததிலேயே டாப் சீரிஸ் எது என்று என்னிடம் யாரும் கேட்கவே வேண்டாம், நானே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 'அடலசென்ஸ்'! மார்ச் 13-ஆம் தேதி நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. இதோ வருஷமே முடியப்போகிறது, இன்னும் அதன் பிடியிலிருந்து நான் வெளியே வரவில்லை. வர ஆசையும் இல்லை.

மொத்தமே நாலு எபிசோடு. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் ஒரே ஷாட். ஒட்டுவேலை கிடையாது, கம்ப்யூட்டர் மாயம் செய்து மறைத்த வெட்டும் கிடையாது. கேமரா ஓட ஆரம்பித்தால் எபிசோடு முடிகிறவரை ஓடிக்கொண்டே இருக்கும். சிங்கிள் ஷாட் நமக்குப் புதுசில்லை, 2022-இல் பார்த்திபன் 'இரவின் நிழல்' எடுத்து நம்மை வாய் பிளக்க வைத்தவர்தான். இருந்தாலும் அந்த வித்தை இங்கே செய்கிற வேலையே வேறு. கட் இருந்தால் நமக்கு ஒரு நொடி மூச்சு விட இடம் கிடைக்கும், பார்க்கப் பிடிக்காததிலிருந்து வேறொரு இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போய்விடுவார்கள். இங்கே அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தக் குடும்பம் எங்கே மாட்டிக்கொண்டதோ அங்கேயே நாமும் மாட்டிக்கொள்கிறோம்!

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணி, வடக்கு இங்கிலாந்தில் ஒரு சாதாரணத் தெரு. காருக்குள் ஒரு போலீஸ் அதிகாரி, இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் மட்டம் போட அவருடைய மகன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாமும் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். அடுத்த நிமிஷம் வண்டி ஒரு வீட்டு வாசலுக்குப் போகிறது, துப்பாக்கியோடு ஒரு படையே கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்கிறது, அம்மா அலறுகிறாள், அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், பூட்ஸ் சத்தம் தடதடவென்று மாடியேறுகிறது, கேமராவும் கூடவே ஏறுகிறது. யாரோ பெரிய ரௌடி என்று நாம் எதிர்பார்த்தால் படுக்கையில் கிடப்பது பதின்மூன்று வயதுப் பையன் ஜேமி! பயத்தில் பைஜாமாவிலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறான். கூடப் படிக்கும் பெண்ணைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு.

அப்புறம் போலீஸ் வேன், ஸ்டேஷன், கைரேகை, வக்கீல் என்று எல்லாவற்றுக்கும் அவன் பின்னாலேயே போகிறோம். அங்கே ஓர் இடம் வரும். உடையைக் களையச் சொல்லி ஜேமியைச் சோதனை போடுகிறார்கள். பையன் பக்கம் கேமரா திரும்பவே இல்லை. பக்கத்தில் நிற்கிற அப்பா எட்டியின் முகத்திலேயே நின்றுவிடுகிறது. குழாய் ரிப்பேர் வேலை பார்க்கிற திடகாத்திரமான மனுஷன், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்கள் தரைக்கும் சுவருக்கும் அல்லாடுகின்றன, உதடு துடிக்கிறது, ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்டீஃபன் கிரஹாம் ஐயா, அந்த முகத்துக்கு நான் அடிமை! இந்தக் கதையை ஜாக் தோர்னோடு சேர்ந்து எழுதியதும் அவரே.

இரண்டாவது எபிசோடு முழுக்கப் பள்ளிக்கூடம். தாழ்வாரமெங்கும் பிள்ளைகள், கூச்சல், செல்போன். போலீஸின் கேள்விக்குப் பயந்து ஒரு பையன் வகுப்பறை ஜன்னல் வழியே குதித்து ஓட, கேமராவும் அதே ஜன்னல் வழியே வெளியே வந்து அவனைத் துரத்துகிறது. நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன், வெட்கமே இல்லாமல் சொல்கிறேன். அதோடு விட்டார்களா? எபிசோடு முடிவில் அதே கேமரா ட்ரோனில் ஏறிக்கொண்டு வானத்துக்குப் போகிறது, பிள்ளைகள் கோரஸாகப் பாட, ஊருக்கு மேலே மிதந்து போய், கொலை நடந்த இடத்தில் கீழே இறங்கி, பூங்கொத்தோடு வந்து நிற்கிற எட்டியின் முகத்துக்குக் கிட்டே போகிறது. பறந்து வந்த கேமராவைக் கீழே நிற்கிறவர் கையில் பிடித்து, அப்படியே நடந்து போய் எடுத்திருக்கிறார்கள்! ஒளிப்பதிவு மேத்யூ லூயிஸ். எம்மி விருது கொடுத்தார்கள், நானாக இருந்தால் கோயிலே கட்டியிருப்பேன்.

இயக்குநர் ஃபிலிப் பாரன்டினி ஒவ்வொரு எபிசோடுக்கும் முதலில் ரிகர்சல், அப்புறம் ஒரு வாரம் ஷூட்டிங், நாளைக்கு இரண்டு டேக் என்று திட்டம் போட்டிருக்கிறார். ஐம்பதாவது நிமிஷத்தில் யாராவது ஒருவர் வசனத்தை மறந்தாலும் அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து. நாம் பார்க்கிற முதல் எபிசோடு இரண்டாவது டேக், கடைசி எபிசோடு பதினாறாவது டேக்.

இப்போது வருகிறேன் மூன்றாவது எபிசோடுக்கு! இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தேன். ஓர் அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. ஏழு மாதம் கழித்து, காவல் மையத்தில் இருக்கிற ஜேமியைப் பார்க்க மனநல நிபுணராக எரின் டோஹர்ட்டி வருகிறார், கையில் அவனுக்காக ஹாட் சாக்லேட், தன் சாண்ட்விச்சில் பாதி. அவ்வளவுதான் செட்டிங், ஒரு மணி நேரம் இரண்டு பேர் பேசுகிறார்கள், ஆனால் அந்தப் பேச்சு இருக்கிறதே, குழந்தையாகச் சிரிக்கிறான், கிண்டல் பண்ணுகிறான், அம்மாவைக் கேட்டு ஏங்குகிற மாதிரி முகம் சுருங்குகிறது, சட்டென்று கண்ணில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், எழுந்து நின்று கத்துகிறான், ஹாட் சாக்லேட் கோப்பை பறக்கிறது, அடுத்த விநாடியே மறுபடி பாவமான பையன், நம் மடியில் தலை வைத்துப் படுக்க வந்த பிள்ளை மாதிரி, கரப்பான் மீசை நீட்டுவதுபோல் அந்தக் கோபம் எங்கிருந்து எப்போது எட்டிப் பார்க்கும் என்று தெரியாமல் நமக்கு உள்ளங்கை வேர்க்கிறது, அந்தம்மாவுக்கும் வேர்க்கிறது, ஆனால் காட்டிக்கொள்ளக் கூடாது, காட்டிக்கொள்ளாமல் பயப்படுவது எப்படி என்று எரின் டோஹர்ட்டி அந்த ஒரு மணி நேரத்தில் பாடமே நடத்திவிடுகிறார்! நடுவில் பையன் கொட்டாவி விடுவான், போரடிக்கிறேனா என்று அவர் கேட்பார், அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். அந்தக் கொட்டாவி நிஜம், அந்தக் கேள்வி ஸ்கிரிப்ட்டிலேயே இல்லை! இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னும் கேளுங்கள், பையனாக நடித்த ஓவன் கூப்பருக்கு இதுதான் முதல் நடிப்பு, அதிலும் முதலில் படமாக்கியதே இந்த மூன்றாவது எபிசோடு. கேமரா முன்னால் அவன் செய்த முதல் வேலையைத்தான் நாம் பார்க்கிறோம்! செப்டம்பரில் பதினைந்து வயதில் எம்மி மேடை ஏறினான், நடிப்புக்காக அந்த விருதை வாங்கிய ஆண்களிலேயே இளையவன் அவன்தான். நான் வீட்டில் விசில் அடித்தேன்.

நாலாவது எபிசோடு அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாள். அழுகை நிச்சயம், துண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வேறெதுவும் சொல்லமாட்டேன். அந்தக் கடைசிக் காட்சிக்கு முன்னால் கிரஹாமுக்குத் தெரியாமல் அவருடைய சொந்தப் பிள்ளைகளின் படங்களை அந்த அறையில் வைத்துவிட்டார்களாம். அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா?

குறை? செத்துப்போன கேட்டியைப் பற்றி, அவள் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் வருகிறது. அதையும் கதைக்குள்ளேயே ஒரு போலீஸ் பெண்மணி ஆதங்கமாகச் சொல்லிவிடுகிறார், அதனால் நான் மன்னித்துவிட்டேன். பிரிட்டனில் உயர்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் இதை இலவசமாகக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பையன் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் யாருடைய பேச்சைக் கேட்டு வளர்கிறான் என்கிற பயம் எல்லா ஊருக்கும் பொதுதானே.

மற்றவற்றில், ஒரே ஆஸ்பத்திரி ஷிஃப்டைப் பதினைந்து எபிசோடாக, மணிக்கு ஒன்றாகக் காட்டிய 'தி பிட்' எனக்கு இரண்டாமிடம். நாகாலாந்துக்குப் போன 'பாதாள் லோக்' இரண்டாவது சீசனில் ஜெய்தீப் அஹ்லாவத்தைப் பார்க்க எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். ஏமாற்றம் என்றால் ஜூனில் வந்த 'ஸ்க்விட் கேம்' மூன்றாவது சீசன்தான். 2021-இல் என் தூக்கத்தைக் கெடுத்த சீரிஸ், எவ்வளவு ஆசையாக உட்கார்ந்தேன்! முகமூடி போட்ட பணக்காரர்கள் வாய் திறந்தாலே கதை படுத்துவிட்டது. அந்தக் கண்ணாமூச்சி ஆட்டம் மட்டும் பிரமாதம்.

சரி, மறுபடி நம்ம பையனுக்கு வருகிறேன். 2026 பிப்ரவரியில் எமரால்ட் ஃபென்னலின் 'வுதரிங் ஹைட்ஸ்' வருகிறது, அதில் சிறு வயது ஹீத்கிளிஃப் யார் தெரியுமா? ஓவன் கூப்பர்! முதல் நாள், முதல் ஷோ, முன் வரிசையில் நான் இருப்பேன், அதற்குள் நீங்கள் அந்த நாலு எபிசோடையும் பார்த்துவிட்டு வாருங்கள், மூன்றாவதைப் பற்றி விடிய விடியப் பேசலாம்.