எண்பது ஒலிபெருக்கிகள், ஒரு நடு இருக்கை

1974இல் பாரிசில் இசையமைப்பாளர் பிரான்சுவா பேல் உருவாக்கிய அக்கூஸ்மோனியம் என்ற ஒலிபெருக்கி அமைப்பில் பாடகரும் இல்லை, வாத்தியமும் இல்லை. இசைக்குழு உட்காரும் இடத்தில் ஏறத்தாழ எண்பது ஒலிபெருக்கிகள். சில கனத்த கீழ்ச்சுரங்களுக்கு, சில கூர்மையான மேல்சுரங்களுக்கு; சில அருகில், சில தொலைவில். இசை முன்பே நாடாவில் பதிவாகி முடிந்தது, பெரும்பாலும் இரண்டே தடங்களில். அரங்கின் நடுவே மிக்சர் முன் அமர்பவர் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களைத் தள்ளித் தள்ளி, எந்தப் பெட்டிகள் எப்போது எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் முடிவு செய்கிறார்.

இந்த முறையின் பெரிய பலம், அது எந்த ஊருக்கும் பொருந்துவது. இதற்கு மாறாக, 1958இல் பிரசெல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் கூடத்தின் சுவர்களில் நூற்றுக்கணக்கான ஒலிபெருக்கிகளைப் பதித்து இசையமைப்பாளர் எட்கர் வரேசின் படைப்பை ஒலிக்கவிட்டார்கள். கண்காட்சி முடிந்ததும் கூடத்தை இடித்தார்கள். ஒலி ஓடிய அந்தப் பாதைகளும் போயின. இரண்டு தடப் படைப்புக்கு அந்த ஆபத்து இல்லை. சிறிய ஸ்டுடியோவில் நெருங்கிக் கிடந்த மென்மையும் உரப்பும் பெரிய அரங்கில் விரிந்து நிற்பதற்கு, மிக்சரில் இருக்கும் கைதான் காரணம். அந்தக் கையை நான் வாத்தியக்காரரின் கையாகவே மதிக்கிறேன்.

குறை, கேட்பவரின் காதில் இருக்கிறது. ஒரே ஒலி இரண்டு பெட்டிகளிலிருந்து வந்தால், முதலில் வந்து சேர்வதன் திசையையே காது நம்பும். சுவரோரம் உட்கார்ந்தவருக்குப் பக்கத்துப் பெட்டி 3 மீட்டர், எதிர்ப்பெட்டி 13 மீட்டர் என்று வையுங்கள். எதிர்ப்பெட்டியின் ஒலி சுமார் 29 மில்லி விநாடி பிந்தி, வலுவும் குறைந்து வரும். நடுவில் இருப்பவர் ஒலி தலைக்கு மேல் மிதந்து போவதாக உணரும்போது, இவருக்கு அது பக்கத்துப் பெட்டியைவிட்டு நகரவே இல்லை. மிக்சர் நடுவில் இருப்பதால் இந்த இழப்பு இயக்குபவருக்குத் தெரிவதும் இல்லை. அதனால்தான் சிலர் இடைவிடாமல் ஒலியைச் சுழற்றுகிறார்கள். ஓரத்தில் இருப்பவருக்கு அது வெறும் ஏற்ற இறக்கம்.

அருகு, தொலைவு, அடர்த்தி, மெலிவு ஆகியவை எல்லா இருக்கைக்கும் ஓரளவு போய்ச் சேர்கின்றன. துல்லியமான திசை சேர்வதில்லை. ஆகவே திசையைச் சிக்கனமாகவும் தொலைவைத் தாராளமாகவும் கையாள்பவரே இந்தக் கலையைச் சரியாகச் செய்கிறார். ஒத்திகையில் வேறொருவரை ஃபேடரில் அமர்த்திவிட்டு, இசையமைப்பாளர்கள் பக்கவாட்டுக் கடைசி இருக்கையில் ஒருமுறை முழுப் படைப்பையும் கேட்க வேண்டும்.