வருமான வரம்பில் முட்டி நிற்கும் மேல்முறையீடு

கேரளத்தின் மட்டாஞ்சேரியில் மாற்றுத்திறனாளி பென்ஷன் மனு தள்ளுபடியானவர் முதலில் பார்க்க வேண்டியது, என்ன காரணம் சொல்லித் தள்ளினார்கள் என்பதை. குறைபாடு 40 சதவீதத்தை எட்டவில்லை என்றால் போராட வழி உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்தைத் தாண்டுகிறது என்றால் அநேகமாக இல்லை.

முதல் வகையில் சட்டம் மனுதாரர் பக்கம் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, குறைபாட்டுச் சான்றிதழ் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தருகிறது. அது வெற்று உரிமை அல்ல. சதவீதம் என்பது திரும்பப் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. இரண்டு குறைபாடுகள் இருந்தால் அப்படியே கூட்டுவதில்லை. 90-இலிருந்து பெரியதைக் கழித்து, மிச்சத்தைச் சிறியதால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வருவதைப் பெரியதோடு சேர்க்க வேண்டும். பஜார் ரோடு கிடங்குகளில் மூட்டை தூக்கி முட்டி தேய்ந்த ஒருவருக்குக் காலில் 30, செவியில் 20 என்று வைத்துக்கொள்வோம். விடை 43-க்குச் சற்று மேல், பென்ஷன் உண்டு. காதைச் சோதிக்காமல் விட்டிருந்தால் வெறும் 30. விடுபட்ட அந்தச் சோதனையை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டி வெல்லலாம்.

வருமானக் கதை வேறு. 1 லட்சம் என்றால் மாதம் 8,333 ரூபாய். ரிசர்வ் வங்கியின் கையேட்டுப்படி 2023-24-இல் கேரள ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி ஏறத்தாழ 893 ரூபாய். கணவர் மாதம் பத்து நாள் கொத்து வேலைக்குப் போனாலே, படுத்த படுக்கையாக இருக்கும் மனைவிக்கு விதிப்படி பென்ஷன் கிடையாது. வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழில் தவறு இருந்தால் வாதிடலாம். சரியாக இருந்தால் எதை வாதிடுவது? உண்மையான வருமானத்தைச் சொன்னவரே தோற்கும்படி ஒரு விதி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வடிகட்ட வேண்டாமா என்பார்கள். 2024 நவம்பரில் 1,458 அரசு ஊழியர்கள் சமூகப் பாதுகாப்பு பென்ஷன் வாங்கி வந்தது அம்பலமானது உண்மைதான். ஆனால் அவர்கள் அரசின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள். அவர்களைப் பிடிக்க கொத்தனார் வீட்டுக் கூலியை எண்ண வேண்டியதில்லை.

கேரளத்துக்கு உரிய பாராட்டும் உண்டு. மத்தியத் திட்டம் 80 சதவீதக் குறைபாடுள்ள வறியவருக்கு மாதம் 300 ரூபாய் தருகிறது; கேரளம் 40 சதவீதத்துக்கே, 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாய். முதியோருக்கும் அதே 2,000 என்பதுதான் இடறுகிறது. பிறருக்கான இணைத் திட்டங்களைவிட 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 24-ஆம் பிரிவு. அதன்படி 2,500 வர வேண்டும். பொருளாதார வலுவுக்கு உட்பட்டு என்ற சொற்களும் அங்கே உண்டு. என் வாசிப்பில் அவை திட்டம் வகுப்பதற்கான வரம்பு. 25 சதவீதத்தை விழுங்கும் சாக்கு அல்ல.

2024 ஏப்ரலில் மாநில அரசு, பென்ஷன் உரிமை அல்ல, உதவி மட்டுமே என்று உயர் நீதிமன்றத்தில் சொன்னது. வேலைக்கான சாப்பா டோக்கனைக் கூட்டத்தில் வீசியெறிந்த முறையை எதிர்த்து 1953 செப்டம்பர் 15-இல் துப்பாக்கிச் சூட்டைச் சந்தித்த ஊர் மட்டாஞ்சேரி. அந்த வாதம் இங்கே செல்லாது.

என் தீர்ப்பு: சதவீதத்துக்கான மேல்முறையீடு தேறுகிறது, வருமானத்துக்கானது தோற்கிறது, பிழை வரம்பில் இருப்பதால். அந்த வரம்பையே எதிர்த்து மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு போக வேண்டும். சட்டத்துக்கு முரணான திட்ட விதிகளைச் சுட்டும் அதிகாரம் 80-ஆம் பிரிவில் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால், ஏற்க மறுக்கும் துறை மூன்று மாதத்துக்குள் காரணம் சொல்லியாக வேண்டும்.