பால்மில் ஓடும் இடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்

கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றி வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து எழுதப்படுபவை. வேகம் இவ்வளவு, சத்தம் இவ்வளவு டெசிபல் என்று அட்டவணை போட்டு முடித்துவிடுவார்கள். விருத்தாசலத்துக்கு அந்த அட்டவணை போதாது. இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையும் ஃப்யூஸ் கட்டையும் டீக் கோப்பையும் செய்யும் பட்டறைகளில், கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டருக்கும் களிமண் அரைக்கும் பால்மில்லுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கும். மேஜையில் விரலை வைத்து இழுத்தால் வெள்ளையாகக் கோடு விழும். சித்திரையில் வெளியே நாற்பது டிகிரி, சூளை எரியும் நாளில் உள்ளே அதற்கும் மேல்.

அப்படி ஒரு பொம்மைப் பட்டறையின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த டிஸ்க், சீகேட் பார்ரகூடா 2 டி.பி. மாடல் எண் எஸ்டி2000டிஎம்008. டெஸ்க்டாப்புக்கான 3.5 அங்குல ரகம், நிமிடத்துக்கு 7200 சுற்று, 256 எம்.பி. கேஷ், இரண்டு வருட வாரண்டி. ஊரில் எந்தக் கடையில் கேட்டாலும் கைக்கு முதலில் வரும் ரகங்களில் ஒன்று. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதற்கு முன் அந்த இடத்தில் இருந்த டிஸ்க் செத்துப்போனது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை, எந்தக் கம்பெனிக்கும் இது நடக்கும். அச்சுகளின் போட்டோ, கோப்பையில் ஒட்டும் டிரான்ஸ்ஃபர் டிசைன்கள், டேலி கணக்கு எல்லாம் அதில்தான் இருந்தன. கடகடவென்று சத்தம் எதுவும் வரவில்லை. முந்தின நாள் ராத்திரி ஒழுங்காக ஷட் டவுன் ஆன கம்ப்யூட்டர் மறுநாள் காலையில் விண்டோஸுக்குள் போகவே இல்லை.

இது அபூர்வமான சாவு அல்ல. கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், 56 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில், மிக முக்கியம் என்று கருதப்பட்ட நான்கு ‘ஸ்மார்ட்’ எண்களிலும் எந்த எச்சரிக்கையும் இல்லை என்று தெரிந்தது. ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும் பதிவு. சூடு தவிர மற்ற எல்லா எண்களையும் சேர்த்துப் பார்த்தும் 36 சதவீதத்துக்கு மேல் ஒரு அறிகுறியும் காட்டாமலேதான் போயின. ஆகவே சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் பாதிக் காவலோடுதான் இருக்கிறார்கள்.

அதற்காகச் சத்தத்தைக் கண்டுகொள்ளாமலும் விடக்கூடாது. எது சாதாரணம், எது சாவு மணி என்று காதுக்குத் தெரிய வேண்டும். நிமிடத்துக்கு 7200 என்றால் நொடிக்கு 120 சுற்று. இந்த டிஸ்க்கைத் தனியாக ரப்பர் ஷீட் மேல் வைத்து ஓடவிட்டால் பக்கத்தில் காதை வைத்தால்தான் கேட்கிறது. மெல்லிசான தகரக் கேபினட்டில் இரண்டே ஸ்க்ரூவில் மாட்டினால் மேஜை முழுக்க ‘ம்ம்ம்’ என்று அதிர்கிறது. அந்தச் சத்தத்தில் டிஸ்க்கின் பங்கு கொஞ்சம், தகரத்தின் பங்கு அதிகம். நான்கு ஸ்க்ரூவும் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து முடுக்கியதும் அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் மிஞ்சியது. பழைய டிஸ்க்குகளில் வரும் கீச்சென்ற ஊளை இதில் இல்லவே இல்லை. குண்டு பேரிங்குக்குப் பதில் எண்ணெய்ப் படலத்தின் மேல் சுழலும் பேரிங் வந்ததால் கிடைத்த நிம்மதி அது. இதே பார்ரகூடா வரிசையில் 2001இல் வந்த ஏ.டி.ஏ. 4 மாடல் அந்த மாற்றத்தை டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்து, அமைதிக்கென்றே பேர் வாங்கியது.

ஃபைல் தேடும்போது வரும் ‘கர்ர் கர்ர்’ சாதாரணம். சும்மா இருக்கும்போது எப்போதாவது ஒரு ‘டிக்’ வந்தால் தலை தன் இடத்தில் போய் உட்காருகிறது என்று அர்த்தம், அதற்கும் பயம் வேண்டாம். ஆன் செய்த உடனே ஒரே தாளத்தில் ‘டக், டக், டக்’ என்று அடித்து, நின்று, மறுபடி அடித்தால் தலை தடத்தைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது. உடனே கரண்ட்டை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்து பார்ப்பதும் தட்டின் மேல் இன்னும் ஒரு கீறல் போடக்கூடும். ‘பீப்’ என்று முனகினால் மோட்டார் சுற்ற முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது அதற்குக் கரண்ட் போதவில்லை. அந்த நேரத்தில் டிஸ்க்கைத் தட்டிப் பார்க்கச் சொல்வார்கள், ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் உள்ளேயே வியர்த்துவிடும். குடும்பப் போட்டோ உள்ள டிஸ்க்கில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தூசியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இந்த டிஸ்க்கின் உள்ளே தட்டுக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர். பட்டறையில் பறக்கும் குவார்ட்ஸ் தூள் அதைவிட ஆயிரம் மடங்கு பெரியது. ஆனால் டிஸ்க்கின் காற்றுத் துளைக்கு உள்ளே நுண்ணிய வடிகட்டி இருக்கிறது, தூசி அதைத் தாண்டிப் போவதில்லை. அந்தத் துளையின் மேல் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. தூசி கெடுப்பது வெளியே இருப்பவற்றைத்தான்: எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் அடைத்து, சூடு ஏறி, வோல்டேஜ் ஆடத் தொடங்குகிறது. பழைய டிஸ்க்கின் பச்சைப் போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, தலைக்குப் போகும் இணைப்புப் புள்ளிகள் கறுத்திருந்தன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, திரும்ப மாட்டி, ஒரு முறை காப்பி எடுக்கும் அளவுக்கு அதற்கு உயிர் வந்தது. எல்லா டிஸ்க்குக்கும் இது நடக்காது. தட்டு இருக்கும் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள்.

பீங்கான் வேலை தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் உண்டு. தட்டின் மேல் பறக்கும் அந்தத் தலையைச் சுமக்கும் துண்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம், பீங்கானால் ஆனது. அலுமினாவையும் டைட்டானியம் கார்பைடையும் சேர்த்துச் சுட்டது. அதிகத் திறனுள்ள புதிய டிஸ்க்குகளில் தலையை நுணுக்கமாக நகர்த்துவதற்கு, மின்னழுத்தம் கொடுத்தால் துளி நீண்டு சுருங்கும் பீங்கான் துண்டு ஒன்றும் உண்டு. நம் ஊர் அரசு செராமிக் பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செத்த டிஸ்க்கைப் பிரித்துக் காட்டினாலே ஒரு முழு வகுப்பு நடத்தலாம்.

டிஸ்க் போடும் சத்தத்தைவிட, டிஸ்க்கின் மேல் விழும் சத்தமே இங்கே பெரிய தொல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் 2008இல் டிஸ்க் அடுக்கின் முன் நின்று உரக்கக் கத்தி, உடனே அதன் வேகம் தடுமாறுவதை வீடியோவில் காட்டினார். 2016 செப்டம்பரில் புக்கரெஸ்டில் ஐ.என்.ஜி. வங்கி தீயணைப்பு வாயுவைச் சோதித்தபோது, அது பீறிட்ட சத்தத்தில் டிஸ்க்குகள் பழுதாகி, வங்கிச் சேவை சுமார் பத்து மணி நேரம் நின்றது. பால்மில்லும் ஜா கிரஷரும் அந்த அளவுக்குக் கத்துவதில்லை. ஆனால் நாள் முழுக்க ஓடுகின்றன. மில் ஓடும்போதும் நின்றபின்பும் ஒரே ஃபைலைக் காப்பி செய்து பார்த்தேன். கேபினட் தரையில் இருந்தபோது வேகம் விட்டுவிட்டு இறங்கியது. மறுபக்கச் சுவரோரம் தடித்த ரப்பர் பாய் மேல் வைத்ததும் சீரானது. இந்த ஊரில் யாரும் உடனே செய்யக்கூடிய, காசில்லாத வைத்தியம் இது.

அடுத்தது கரண்ட். பால்மில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது டியூப்லைட் ஒரு கணம் மங்குவதைப் பட்டறையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கணம்தான் டிஸ்க்குக்கும் கண்டம். திடீரென்று கரண்ட் போனால், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டாரே ஜெனரேட்டராகி, மிச்சமுள்ள சக்தியில் தலையை இழுத்து ஓரம் சேர்க்கிறது. அந்த இழுப்பு சாதாரணமாக நிறுத்தும்போது நடப்பதைவிட முரட்டுத்தனமானது. ஸ்மார்ட் பட்டியலில் ‘பவர் ஆஃப் ரிட்ராக்ட்’ என்ற எண் இதைக் கணக்கு வைக்கிறது. யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டரில் அது மளமளவென்று ஏறும். புது டிஸ்க் வாங்கும் காசில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து யு.பி.எஸ். பேட்டரியை மாற்றுங்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்க வேண்டியவை சிலதான். முதலில் எண்களைப் பத்தின் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒன்றும் புரியாது. ரீஅலோகேட்டட் செக்டார், கரண்ட் பெண்டிங் செக்டார், அன்கரெக்டபிள் செக்டார் ஆகியவை பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங் ஏறத் தொடங்கினால் அன்றைக்கே காப்பி எடுங்கள். சீகேட் டிஸ்க்கில் ரீட் எரர் ரேட் என்ற இடத்தில் கோடிக்கணக்கில் எண் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போய் டிஸ்க்கைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். அது பிழைகளின் எண்ணிக்கை மட்டுமல்ல, படித்த மொத்தக் கணக்கும் அதனுள் சேர்ந்தே இருக்கிறது, அதை விட்டுவிடலாம். சூளை நாளில் சூடு ஐம்பதை நெருங்கியது. கம்பெனி அனுமதிக்கும் உச்சம் அறுபது. டிஸ்க்குக்கு முன்னால் ஒரு ஃபேன் வைத்தபின் நிம்மதியான அளவுக்கு இறங்கியது.

இந்த டிஸ்க்கைப் பற்றி என் உண்மையான குறை வேறு. அதன் விவரக்குறிப்பில் ஒரு வரி இருக்கிறது: வருடத்துக்கு 2400 மணி நேரம் ஓடும் கணக்கில் வடிவமைக்கப்பட்டது, 55 டி.பி. வேலை தாங்கும். 2400 என்றால் 300 நாள், நாளைக்கு 8 மணி நேரம். காலை ஒன்பதுக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குச் சாத்தும் விருத்தாசலத்துக் கடை வருடத்துக்கு 3600 மணி நேரத்தைத் தாண்டிவிடும். விடிய விடிய ஓடும் சி.சி.டி.வி. டி.வி.ஆருக்கு 8760. விலை குறைவு என்று டெஸ்க்டாப் டிஸ்க்கை டி.வி.ஆரில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நிற்க வேண்டும். 24 மணி நேரமும் ஓடுவதற்கென்றே ஸ்கைஹாக், டபிள்யூ.டி. பர்ப்பிள் போன்றவை வருகின்றன.

இன்னொன்று, இது எஸ்.எம்.ஆர். முறையில் எழுதும் டிஸ்க். ஓட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்குவது போல ஒரு தடத்தின் மேல் அடுத்த தடத்தின் ஓரம் ஏறி நிற்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் உள்ளவற்றையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். எந்தக் கம்பெனியின் எஸ்.எம்.ஆர். டிஸ்க்கும் பெரிய வீடியோக்களைத் தொடர்ந்து அழித்து எழுதும்போது பாதியில் மூச்சு வாங்கக்கூடும். கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோக்காரர்கள் இதை வாங்க வேண்டாம். பட்டறைக் கணக்குக்கும் போட்டோவுக்கும் இந்தக் குறை தெரியவே தெரியாது.

பிராண்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: எல்லாக் கம்பெனியும் ஒரு முறையாவது சறுக்கியிருக்கிறது. 2000இல் வந்த ஐ.பி.எம். டெஸ்க்ஸ்டார் 75ஜி.எக்ஸ்.பி. வழக்கு வரை போனது. அந்தக் காலத்து ஃபுஜிட்சு டிஸ்க்குகளில் ஒரு சிப்பின் பிளாஸ்டிக் உறையில் கலந்த சிவப்புப் பாஸ்பரஸே சிப்பைக் கெடுத்தது. பார்ரகூடா 7200.11இன் ஃபர்ம்வேர் பிழையைச் சீகேட் 2009 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அதே கம்பெனியின் 3 டி.பி. மாடல் மீது 2016இல் வழக்கு. கெட்ட பேர் மாடலுக்கும் பேட்ச்சுக்கும்தான் பொருந்துகிறது, முழுக் கம்பெனிக்குப் பொருந்துவதில்லை.

வாங்கும்போது சீல் உடையாத பெட்டியா, இந்திய வாரண்டி இருக்கிறதா என்று சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்கள். 2025 ஜனவரியில், ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் மணிக்கணக்கை அழித்துப் புதிதென்று விற்றது ஜெர்மனியில் வெளிச்சத்துக்கு வந்தது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பூஜ்யம் என்று காட்டுவதை மட்டும் நம்பாமல், ஸ்மார்ட்சிடிஎல் என்ற மென்பொருளில், ஓடிய மணிக்கணக்கைச் சீகேட் டிஸ்க் தனியே எழுதி வைக்கும் ‘ஃபார்ம்’ பதிவையும் எடுத்துப் பாருங்கள். அந்த மோசடியில் அதை அழிக்காமல் விட்டிருந்தார்கள்.

பட்டறையில் இப்போது விண்டோஸும் டேலியும் சின்ன எஸ்.எஸ்.டி.யில் ஓடுகின்றன. பார்ரகூடாவில் அச்சுப் போட்டோவும் டிசைனும் பழைய கணக்கும். அதன் நகல் ஒன்று வெளி டிஸ்க்கில், வாரம் ஒருமுறை எழுதி, முதலாளி வீட்டு பீரோவுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம், யு.பி.எஸ். உண்டு, ரப்பர் பாய் உண்டு என்றால் இந்த டிஸ்க்கை வாங்கலாம்.