குதிரையைப் பார்த்தவர் யார்?

நல்ல தலைவனைக் கைதேர்ந்த குதிரைவீரனுக்கு ஒப்பிடுவது அரசியற் பேச்சில் பழகிப்போன உவமை. பழைய ஹொலிவூட் படங்கள் அதற்குத் துணைநின்றன. சேணத்தில் நிமிர்ந்து இருப்பவன் நல்லவன்; தடுமாறுபவன் கெட்டவன். இவ்வுவமை குறையுடையது என்பதே என் கருத்து.

மைக்கல் கேர்ட்டிஸ் 1936இல் இயக்கிய 'த சார்ஜ் ஒஃப் த லைட் பிரிகேட்' படத்தில் எரோல் பிளின் கம்பீரமாகப் பாய்ந்து செல்கிறார். அக்காட்சிக்காகக் குதிரைகளின் முன்கால்களிற் கம்பி கட்டி இடறி விழுத்தினார்கள். பல குதிரைகள் மாண்டன. இரசிகர் கண்ணிற்பட்டவன் வீரன் மட்டுமே.

அதே கேர்ட்டிஸின் 'சான்ட்டா ஃபே ட்ரெயில்' (1940) படத்தில் பிளின்னோடு நடித்த றொனால்ட் றீகன், நிஜ வாழ்விலும் நல்ல சவாரிக்காரர். 1981இல் அமெரிக்க ஜனாதிபதியானார். அவ்வாண்டு ஓகஸ்டில், சட்டத்தை மீறி வேலைநிறுத்தம் செய்தார்களென 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பணிநீக்கினார். கடிவாளத்தை இறுகப் பிடித்தாரென மெச்சினார்கள். வேலையிழந்தோரின் வீடுகளை எத்தனைபேர் நினைத்தார்கள்?

வகுப்பில் உவமையணி கற்பிக்கும்போது, உவமை எதைக் காட்டுகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்றும் நான் கேட்பதுண்டு. இங்கே மறைவது குதிரை. சவாரி முடிந்தபின் அதன் வாயையும் முழங்காலையும் பார்த்துத்தான் வீரனை மதிப்பிட வேண்டும். குதிரைக்கு வாக்குச்சீட்டு இல்லை; நமக்கு உண்டு.