வாளைத் துடைப்பவன்: விளையாட்டில் பிறந்த ஓவியங்களும் நம் பொழுதுபோக்குக் கட்டுரைகளும்



‘எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் உங்கள் பேனா எங்கே போகிறது? தபால்தலை சேகரிப்பு, புத்தக வாசிப்பு, தோட்டக்கலை. கூடவே ‘பொது அறிவை வளர்க்கும்’, ‘மன அழுத்தத்தைக் குறைக்கும்’, ‘வருமானமும் ஈட்டலாம்’ என்ற மூன்று வாக்கியங்கள். இந்தக் கட்டுரையை எழுதியவர் நிஜத்தில் ஒரு தபால்தலையைக்கூடக் கையில் தொட்டிருக்க மாட்டார். சனிக்கிழமை மாலையானால் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, 20 முகப் பகடையை உருட்டி, மந்திரவாதியாகவும் திருடனாகவும் விளையாடுகிறவராக இருக்கலாம். ஆனா அதை எழுத மாட்டார். “திருத்துற ஆசிரியருக்கு ஒன்னும் புரியாது, புள்ளி போயிடும்” என்று பயம்.

இந்தப் பயத்தில் நியாயம் உண்டா? அந்த விளையாட்டிலிருந்தே பிறந்த சில ஓவியங்களை வைத்து இதைப் பார்ப்போம். தன் பொழுதுபோக்கைத் தெரியாதவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்ற சிக்கலை அந்த ஓவியர்களும் சந்தித்தார்கள். சிலர் தோற்றார்கள், சிலர் வென்றார்கள்.

விளையாட்டு என்ன?

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, “நான் கதவைத் திறக்கிறேன்”, “நான் ஒளிந்துகொள்கிறேன்” என்று சொல்லுவார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். நிலையான ஆட்டப்பலகை தேவையில்லை. திரையும் இல்லை. எல்லாம் பேச்சிலும் கற்பனையிலும் நடக்கும். அதனால்தான் இதற்கு ஓவியம் முக்கியமானது. குகை எப்படி இருக்கும், பூதம் எவ்வளவு பெரியது என்பதைக் காட்ட விதிநூலில் படம் வேண்டியிருந்தது.

முதல் படங்கள்: மாதிரிக் கட்டுரையின் அண்ணன்

முதல் பதிப்பில் அச்சானவை 1000 பிரதிகள்தான். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு நூல்கள், விலை 10 டாலர். படம் வரையப் பெரிய ஓவியர்களை அழைக்கப் பணம் ஏது? கிரெக் பெல் என்ற இளைஞர் பல படங்களை வரைந்தார். அவற்றில் சில மார்வல் காமிக்ஸ் படங்களைப் பார்த்து வரைந்தவை. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரைமேல் ஒரு வீரன் இருக்கும் படம், 1968இல் வந்த ‘ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்’ இதழின் ஒரு கட்டத்தை ஒட்டியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரிந்துவிடும்.

அந்த இளைஞரைக் குறை சொல்வது எளிது. அதைவிட, நகல் எடுத்ததால் என்ன இழப்பு என்று கேட்பது பயனுள்ளது. அந்தக் குதிரை வீரனிடம் வேகம் இருக்கிறது, வீரம் இருக்கிறது. ஆனா மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடிய ஒரு மாலையின் தடயம் எதுவும் இல்லை. வேறெந்த வீரக் கதைக்கும் அதே படத்தைப் போடலாம். நம் பயிற்றியில் உள்ள மாதிரிக் கட்டுரையும் இப்படித்தான். தலைப்பை மாற்றினாலும் முடிவுரை அப்படியே பொருந்தும். எதற்கும் பொருந்துகிற வாக்கியம் எதையும் சொல்வதில்லை.

பிளாஸ்டிக் பொம்மையிலிருந்து பூதம்

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள் அமெரிக்கக் கடைகளில் பைகளில் விற்றன. ‘வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்’ என்று பெயர். ஆனால் எந்த விலங்கு என்று எவராலும் சொல்ல முடியாத கோணல் உருவங்கள் அவற்றில் இருந்தன. கைகாக்ஸ் அவற்றை வாங்கித் தன் விளையாட்டு மேசையில் பூதங்களாக நிறுத்தினார். அவற்றிலிருந்துதான் ‘ஆந்தைக்கரடி’, இரும்பைத் துருவாக்கித் தின்னும் ‘ரஸ்ட் மான்ஸ்டர்’, நிலத்துக்கு அடியில் சுறாவைப் போல வரும் ‘புலெட்’ ஆகியவை பிறந்தன. முதல் இரண்டும் 1975இலும் மூன்றாவது 1976இலும் அச்சில் வந்தன.

ரஸ்ட் மான்ஸ்டரின் படத்தைப் பாருங்க. வாலின் நுனியில் விசிறி போன்ற ஒரு விசித்திரத் துண்டு. அது அந்தப் பொம்மையில் இருந்தது, ஓவியத்திலும் அப்படியே வந்துவிட்டது. கோணலை ‘சரி’செய்து அழகான சிங்கமாகவோ பாம்பாகவோ மாற்றியிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. இந்த மிருகம் விளையாடுபவரின் உயிரை எடுப்பதைவிட, பல மாலைகள் பாடுபட்டுச் சேர்த்த கவசத்தையும் வாளையும் ஒரே தொடுதலில் துருவாக்கிவிடும். இந்தப் பயம் மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். பிறரிடம் கடன் வாங்க முடியாது.

இங்கே ஒரு கேள்வி எழலாம்: காமிக்ஸிலிருந்து எடுத்ததும் பிறர் செய்ததுதானே, பொம்மையும் பிறர் செய்ததுதானே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் உண்டு. முதலாவது, எடுத்த இடத்திலேயே நின்றுவிட்டது. இரண்டாவது, எடுத்ததை மேசைக்குக் கொண்டுவந்து விளையாடி, அதற்கு ஒரு குணமும் ஒரு பயமும் கொடுத்தது. மாதிரிக் கட்டுரையைப் படிப்பது தவறில்லை. படித்ததை உங்கள் சொந்த மாலைக்குள் கொண்டுவராமல் விடுவதுதான் குறை.

சண்டை முடிந்த பிறகு

1978இல் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ என்ற விதிநூலுக்கு டேவிட் டிராம்பியர் அட்டைப்படம் வரைந்தார். இந்த வரிசையில் சிறந்த படம் இதுவே என்பது என் முடிவு. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு கோயில் போன்ற மண்டபம். நடுவே உட்கார்ந்த நிலையில் பெரிய அரக்கச் சிலை. அதன் தலைமேல் ஏறிய இரண்டு பேர் கண்ணில் பதித்த மாணிக்கத்தை நெம்பி எடுக்கிறார்கள். கீழே பல்லி உருவ மனிதர்கள் செத்துக் கிடக்கிறார்கள். அந்த உடல்களை இழுத்து அப்புறப்படுத்துகிறார்கள் சிலர். ஒரு பக்கம் வரைபடத்தை வைத்து அடுத்து எங்கே போவது என்று ஆலோசனை. ஒருவன் தன் வாளைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

கவனித்தீர்களா? சண்டை முடிந்துவிட்டது. சாகசக் கதை என்றாலே ஓங்கிய வாளை வரைவதுதான் வழக்கம். டிராம்பியர் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகான ஐந்து நிமிடத்தை வரைந்தார். ஏனென்றால் இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் சண்டையில் செலவிடும் அளவுக்கு, “இதை எடுக்கலாமா, பொறி இருக்குமா, எந்த வழியாகப் போகலாம்” என்று பேசுவதிலும் செலவிடுகிறார்கள். ஆடியவர்கள் பார்த்ததும் “ஆமா, இப்படித்தான்!” என்பார்கள். ஆடாதவருக்கும் குழப்பமில்லை. திருடுகிறார்கள், களைத்திருக்கிறார்கள், அடுத்த ஆபத்து வருமோ என்று நமக்கே படபடப்பு. மாணிக்கத்தை எடுத்தபின் சிலை சும்மா இருக்குமா? படம் பதில் சொல்லவில்லை. பார்ப்பவர் தானே கதையைத் தொடர வேண்டும்.

அதே நூலுக்குள் டேவிட் சதர்லேண்ட் வரைந்த ‘எ பாலடின் இன் ஹெல்’ என்ற கறுப்பு வெள்ளைப் படமும் உண்டு. அறத்துக்கு உறுதிபூண்ட ஒரு வீரன், நரகத்தில், சுற்றிலும் அரக்கர்களோடு தனியாகப் போராடுகிறான். எப்படி அங்கே போனான், யாருக்காகப் போனான் என்று ஒரு வரி விளக்கமும் இல்லை. உடல் அளவுகளில் சின்னச் சின்னத் தடுமாற்றம் தெரிகிற படம்தான். ஆனாலும் 20 ஆண்டு கழித்து, 1998இல், அதே பெயரில் ஒரு முழு விளையாட்டுக் கதை வெளியானது. விளையாட்டு ஓவியத்தைப் பெற்றது, அந்த ஓவியம் திரும்ப ஒரு விளையாட்டைப் பெற்றது.

அழகு போதுமா?

1983இல் வந்த சிவப்புப் பெட்டிப் பதிப்பின் அட்டையை லாரி எல்மோர் வரைந்தார். சிவப்பு டிராகன் சீறுகிறது, ஒரு வீரன் எதிர்த்து நிற்கிறான். ஒளி, நிறம், உடலமைப்பு எல்லாவற்றிலும் டிராம்பியரைவிடத் தேர்ந்த கை. வீரனின் முதுகு நம் பக்கம் இருப்பதால் அவன் இடத்தில் நாமே நிற்பது போலத் தோன்றும். புதியவரை உள்ளே அழைக்கும் வேலையை அது சிறப்பாகச் செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனா அழைப்பிதழ் வேறு, கல்யாண வீட்டுக்குள் இருப்பது வேறு. எல்மோரின் படம் விளையாட்டு தரும் கனவைக் காட்டுகிறது. டிராம்பியரின் படம் விளையாடிய அனுபவத்தைக் காட்டுகிறது. மொழிநடைக்குப் புள்ளி உண்டு, கருத்துக்கும் புள்ளி உண்டு. இரண்டில் ஒன்று மற்றதை ஈடுசெய்யாது.

‘பொழுதுபோக்கால் வருமானமும் ஈட்டலாம்’ என்ற வாக்கியத்துக்கு இங்கே ஒரு பதிலும் இருக்கிறது. டிராம்பியர் 1988இல் தன் ‘வோர்மி’ படக்கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு அந்தத் துறையை விட்டே போனார். பிற்காலத்தில் இலினோய் மாநிலத்தில் வாடகைக்கார் ஓட்டினார். 2014இல் காலமானார். அவருடைய அட்டைப்படத்தின் மதிப்பை அவர் சம்பாதித்த தொகையால் அளக்க முடியாது. நாமும் பொழுதுபோக்கின் பயனை அப்படி அளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கட்டுரை

“ஆசிரியருக்குப் புரியாது” என்ற பயத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். விதிகளை விளக்கினால் புரியாதுதான். எத்தனை புள்ளி, எந்த மந்திரம், எந்தப் படிநிலை என்று அடுக்கினால் திருத்துபவர் இரண்டாம் பத்தியிலேயே களைத்துவிடுவார். டிராம்பியரின் படத்தில் விதி ஒன்றுகூட இல்லை. மனிதர்கள் செய்யும் வேலைதான் இருக்கிறது. கீழே உள்ள இரண்டையும் ஒப்பிடுங்கள். இரண்டும் இந்தக் கட்டுரைக்காக எழுதியவை.

முதலாவது: ‘இவ்விளையாட்டு கற்பனைத் திறனையும் ஒற்றுமையையும் வளர்க்கிறது. எனவே மாணவர்கள் இதனை விளையாட வேண்டும்.’

இரண்டாவது: ‘பகடை 1 காட்டியது. ஐந்து பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. தம்பியின் வீரன் இறந்துவிட்டான். பென்சிலால் எழுதிய அந்தப் பெயரை அவன் அழிப்பானால் அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு மட்டும் போட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.’

ஒற்றுமை, கற்பனை என்ற சொற்கள் இரண்டாவதில் இல்லை. ஆனா இரண்டும் இருக்கின்றன. சொல்லுக்கும் பஞ்சமில்லை. பகடை, காய், கட்டம், தாயம் என்று நம் பாட்டிமார் விளையாடிய சொற்கள் நமக்கு உண்டு. இல்லாத இடத்தில் மட்டும் ஒரு பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதி, ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் தெரியாத ஒரு பொழுதுபோக்கை எழுதினால், “இது தேர்வுக்கு ஆகாது” என்று உடனே மடக்கிவிடாதீர்கள். “இதில் நீ மட்டும் பார்த்த ஒன்றைச் சொல்” என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் அப்போது திருத்தலாம். தபால்தலை எழுதுகிற மாணவரிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

வகுப்பில் பயன்படுத்த

1. உங்கள் பொழுதுபோக்கில் பரபரப்பான கணம் எது? அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகான ஐந்து நிமிடத்தை 60 சொற்களில் எழுதுங்கள்.

2. உங்கள் பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, எந்தப் பொழுதுபோக்குக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்களுக்கு அடிக்கோடு இடுங்கள். மிச்சம் எத்தனை வாக்கியம்?

3. எழுதியதை அந்தப் பொழுதுபோக்கே தெரியாத நண்பரிடம் கொடுங்கள். அவர் “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.