ஆபிரகாம் பொஸ்ஸின் அச்சகச் சித்திரம்: கோடும் வடிவும்

செப்புத் தகட்டுச் சித்திரங்களைப் பார்ப்போர் பலர் உருவங்களை நோக்குகின்றனரேயன்றி, அவ்வுருவங்களை ஆக்கிய கோடுகளை நோக்குவதில்லை. வண்ண ஓவியத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. கருமையும் வெண்மையுமன்றி வேறு துணையில்லாத இக்கலையிலோ, கோட்டை அறியாதார் வடிவையும் அறியாதாரே ஆவர்.

பிரெஞ்சுக் கலைஞர் ஆபிரகாம் பொஸ் 1642ஆம் ஆண்டில் ஆக்கிய அச்சகச் சித்திரத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். தகட்டில் மை பூசுகின்றான் ஒருவன். மிகுந்த மையை உள்ளங்கையால் துடைக்கின்றான் மற்றொருவன். அச்சியந்திரத்தின் ஆரக்கால்களைக் கையாற் பற்றியிழுத்து, காலையும் ஊன்றி, உருளையைச் சுழற்றுகின்றான் மூன்றாமவன். மேலே கட்டிய கொடிகளில் அச்சிட்ட தாள்கள் உலர்கின்றன. தேவரும் வேந்தரும் மலிந்த பறோக் காலத்துக் கலையில், தொழிலையன்றி வேறொன்றையும் கூறாத சித்திரம் இது.

இதன் பிரதியைக் கண்ட என் மாணவன் ஒருவன், “இவர்களுக்கு ஏன் வியர்க்கவில்லை?” என்று வினவினான். நல்ல வினா, விடை கோட்டிலே இருக்கின்றது.

இச்சித்திரம் உளியாற் செதுக்கியதன்று, அமிலத்தால் அரித்தெடுத்தது. தகட்டின்மேற் பூசிய மெழுகுப் பூச்சில் ஊசியாற் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்க விடுவது இம்முறை. ஊசி தடையின்றி ஓடுமாதலின், கோடு கையெழுத்தைப்போல் நெகிழ்ந்து அலையும். பொஸ் அந்நெகிழ்ச்சியை விரும்பினாரல்லர். ஜாக் கலோ வழக்கிற் கொணர்ந்த கடினப் பூச்சையும், சாய்வாக வெட்டிய முனையுடைய ஊசியையும் அவர் கையாண்டார். அம்முனையை விரலிடையே திருப்பத் திருப்பக் கோடு மெலிந்து தொடங்கி, நடுவிற் பருத்து, மீண்டும் மெலியும். அமில வேலை உளிவேலைபோலத் தோன்றவேண்டும் என்பதே 1645இல் வெளிவந்த அவரது நூலின் கொள்கை. ஒழுங்கின்மேல் அவருக்கிருந்த பற்று அத்தகையது. கலைக்கழகத்தில் 1648 முதல் இயலுருத்தோற்றவியல் கற்பித்த அவர், அவ்வியலைப் பற்றிய பிணக்கினாலேயே 1661இல் அங்கிருந்து விலக்கப்பட்டார்.

இவ்வொழுங்கு முகங்களுக்குத் தீங்கு செய்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அவற்றில் உழைப்பின் தடமில்லை. றெம்பிராண்ட் 1655இல் ஆக்கிய ‘பொற்கொல்லன்’ என்னும் சிறு சித்திரத்தை ஒப்பிட்டு நோக்குக. ஆங்கே கோடுகள் சிதறிப் பின்னுகின்றன. தான் செய்யும் சிலையை அணைத்தபடி குனிந்திருக்கும் அக்கிழவனின் அன்பு, அச்சிதறலினூடே நம்மை வந்தடைகின்றது. இத்தகைய நெருக்கம் பொஸ்ஸுக்குக் கைவரவில்லை.

ஆயினும் உருளையைச் சுழற்றுவோனின் உடலை நோக்குமிடத்து நம் தீர்ப்புத் தயங்குகின்றது. மரச்சட்டங்களை நேர்கோடுகளும், உருளையின் திரட்சியை வளைகோடுகளும் காட்டுகின்றன. அதே வளைகோடுகளே அவனுடைய தொடையையும் முதுகையும் சுற்றிவருகின்றன. நீட்டிய கால் பொறியின் இன்னோர் ஆரக்கால்போல நிற்கின்றது. முகம் மறைத்த பாரத்தை உடலின் சாய்வு வெளிப்படுத்துகின்றது. வியர்வையைத் தீட்டாமலே எடையைத் தீட்டிவிட்டார் பொஸ்.

அவ்வெடை வெறும் தோற்றமன்று. எழுத்தச்சில் மை மேட்டில் நிற்கும். செப்புத் தகட்டிலோ மை பள்ளத்தில் தங்கும். ஈரக் கடதாசியை அப்பள்ளங்களுள் அழுத்தி மையைக் கவர்ந்தெடுக்கப் பெரும் விசை வேண்டும். அவ்விசையின்றேல் பொஸ்ஸின் மெல்லிய கோடுகளுள் ஒன்றேனும் தாளேறாது. அவன் உருவத்தை ஆக்கிய கோடுகளும் அவனையொத்த ஒருவனின் காலும் கையும் தந்த விசையாலேயே தாளில் ஏறின. பொஸ்ஸின் பெயரை நாம் அறிவோம். அத்தகட்டை அச்சேற்றியவனுக்கு இச்சித்திரத்தில் உடல் மட்டுமே உண்டு.